அஞ்சு பிள்ளைக்காரி

அத்தியாயம் 11

சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே ரோசரிக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. சாப்பிட்டது சேராத எரிச்சல் இல்லை. போன வாரம் நம் வாசகர்கள் கண்ணால் பார்த்த எரிச்சல்தான் அது.

பார்க்காதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பாலக்கரையில் ஒரே காம்பவுண்டுக்குள் அண்ணன் தம்பி வீடுகள். முன் வீட்டில் மூத்தவர் அற்புதசாமியும் அவர் மனைவி ரோசரியும். பின் வீட்டில் தம்பி அருள்நாதன், அவன் மனைவி பேட்ரிசியா, அவர்களுடைய ஐந்து பிள்ளைகள். முன் வீட்டில் பிள்ளை கிடையாது. கல்யாணமாகிப் பதிமூன்று வருஷம். ரோசரி வேளாங்கண்ணிக்கு நடந்தே போய்வந்தாள், தொட்டில் கட்டினாள், மருந்தும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை.

டில்லியில் கருக்கலைப்பைச் சட்டமாக்கிவிட்டார்கள் என்று பேப்பரில் வந்த நாளிலிருந்து மாதா கோயில் பங்கில் ஒரே கொதிப்பு. கர்ப்பத்தைத் தடுக்கிற லூப்பும் ஆபரேஷனும் வந்தபோதே வாயை மூடிக்கொண்டிருந்ததால்தான் இது வரைக்கும் வந்தது என்று சொல்லி, 'உயிர் காக்கும் இயக்கம்' என்று ஒன்று தொடங்கினார்கள். தொடங்கினார்கள் என்று சும்மா மரியாதைக்குச் சொல்கிறேன். தொடங்கியது ரோசரி. ஒன்பது வருஷமாக மாதா சபைக்குத் தலைவி அவள்தானே. கலெக்டருக்கு மனு எழுதியது அவள். கோயிலுக்கு எதிர்ச்சுவரில் இருந்த குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணத்தின் மேல், கூடவே நின்று சுண்ணாம்பு அடிக்கவைத்தது அவள். ஓட்டுக் கேட்டு வருகிறவன் எந்தக் கட்சியாக இருந்தாலும், "இந்தச் சட்டத்துக்கு நீங்க ஆதரவா, எதிர்ப்பா?" என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்கப் பெண்களைப் பழக்கியதும் அவள்தான்.

சாயங்காலம் கோயில் மைதானத்தில் மாநாடு. காட்டூர், அரியமங்கலம் என்று சுற்றுவட்டத்துப் பங்குகளிலிருந்தெல்லாம் பெண்கள் வருகிறார்கள். எல்லாருக்கும் முன்னால் மேடையேறிப் பேசி, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தின் மேல் கைவைத்து முதல் உறுதிமொழி எடுப்பது யார் என்று பேசத்தான் போன வாரம் கமிட்டி கூடியது. வக்கீல் அமிர்தராஜ் தொண்டையைச் செருமினார்.

"அஞ்சு பிள்ளைக்காரி ஒருத்தி கைக்குழந்தையோட நின்னா ஊரே கேக்கும். நம்ம பேட்ரிசியாவையே நிறுத்திடலாம். ரோசரியம்மா பேசினாங்கன்னா, உங்களுக்கு எத்தனைன்னுதான் முதல் கேள்வி வரும்."

மனுஷன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள். பங்குச் சாமியார் தனிஸ்லாஸ் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். ரோசரிக்கு வேறு வேலை கொடுத்தார்கள். உறுதிமொழியை அவள் வரிவரியாக வாசிக்க வேண்டும், பேட்ரிசியா திருப்பிச் சொல்ல வேண்டும், கூட்டம் அதற்குப் பின்னால் சொல்ல வேண்டும். சமைத்து வைத்தது ஒருத்தி, பந்தியில் உட்காருவது இன்னொருத்தி.

காலை ஒன்பது மணி போல பேட்ரிசியா முன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தலை வாரி, நல்ல சேலை கட்டியிருந்தாள். மலைக்கோட்டைப் பக்கம் போய் அமலிக்கு ஒரு கவுன் எடுத்துவருவதாகவும், பிள்ளைகளை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்றும் சொன்னாள். அமலி கடைக்குட்டி, பத்து மாசம். ரோசரிதான் ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்திய ஞானத்தாய்.

"மேடைக்குப் புதுக் கவுனா? எடு எடு. போட்டோ எல்லாம் பிடிப்பாங்க" என்றாள் ரோசரி.

பேட்ரிசியா பதில் சொல்லாமல் போய்விட்டாள். பாரேன் திமிரை, இன்னும் மேடையேறவில்லை, அதற்குள் பேச்சு நின்றுபோயிற்று என்று ரோசரி நினைத்துக்கொண்டாள்.

ரோசரிக்கும் மலைக்கோட்டைக் கடைத்தெருவில் வேலை இருந்தது. உறுதிமொழி எடுக்கும்போது பெண்கள் கையில் பிடிக்க மெழுகுதிரி வாங்க வேண்டும். மொத்தக் கடையில் பேரம் பேசி, இரண்டு கட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு வந்து நின்றபோதுதான் எதிர்ச்சாரியில் பேட்ரிசியாவைப் பார்த்தாள். அவள் கையில் கவுனும் இல்லை, கடைப் பையும் இல்லை. ஸ்ரீரங்கம் போகிற ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் முன்பக்கமாக ஏறிக்கொண்டிருந்தாள். முந்தானை தலையில் இருந்தது. கோயிலுக்குள் போடுகிற முக்காட்டை ஒருத்தி பஸ்ஸில் எதற்குப் போட வேண்டும்?

ரோசரி யோசிக்கவே இல்லை. ரோட்டைக் கடந்து பின்பக்கமாக ஏறிவிட்டாள்.

ஸ்ரீரங்கத்தில் இவளுக்கு என்ன வேலை? சொந்தமா, பந்தமா? நம் வேதத்து ஆட்கள் பத்துப் பேரைக்கூட அங்கே பார்க்க முடியாது. காவிரிப் பாலம் தாண்டுகிற வரைக்கும் அவள் புத்தி ஓடாத இடமில்லை. யாரோ காலேஜ் வாத்தியார் வீட்டுக்குப் போய் மேடைப் பேச்சுப் பழகுகிறாள் என்று ஒரு முடிவுக்கு வந்தாள். அப்படித்தான் இருக்கும். கள்ளி, ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருந்துகொண்டு சாயங்காலம் எல்லார் வாயையும் பிளக்கவைக்கப் போகிறாள். ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போனது. ரோசரி அந்தப் பக்கமே திரும்பவில்லை, முன்சீட்டு முக்காட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பேட்ரிசியா நுழைந்தது வாத்தியார் வீடு இல்லை. சித்திரை வீதிக்குள் திரும்பும் ஒரு சந்தில் சின்னதாக ஒரு போர்டு. பெண்களுக்கான ஆஸ்பத்திரி. வாசல் பெஞ்சில் மடிசார் கட்டிய மாமிகள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பேட்ரிசியா அவர்கள் பக்கத்தில் போய், பழகின இடம் மாதிரி உட்கார்ந்தாள்.

ரோசரி எதிரே இருந்த மோர்க்கடை மறைவில் நின்றாள். மோர் வாங்கினாள், குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். ஒருவேளை ஆறாவதோ? ஆறாவதும் அவளுக்கா? ஐந்து தடவை அவளுக்கு மெழுகுதிரி ஏற்றிக் கொடுத்த கை இது.

அந்த மெழுகுதிரி விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் கழித்து முதல் முதலாகக் கோயிலுக்கு வரும்போது நேரே உள்ளே போய்விட மாட்டாள். வாசலில் எரிகிற திரியோடு நிற்பாள். சாமியார் வந்து மந்திரித்து, தோளில் கிடக்கும் பட்டுத் துண்டின் நுனியைக் கையில் கொடுத்து உள்ளே அழைத்துப் போவார். மற்றப் பங்குகளில் இந்த வழக்கம் மெல்ல மறைந்துகொண்டிருந்தது. தனிஸ்லாஸ் சாமியார் விடவில்லை. திரி ஏற்றிக் கொடுப்பது மாதா சபைத் தலைவியின் பொறுப்பு. ஐந்து தடவையும் பேட்ரிசியா கையில் திரியைக் கொடுத்துவிட்டு, அவள் உள்ளே போவதை ரோசரி வெளியே நின்று பார்த்திருக்கிறாள். ஐந்து தடவையும் சிரித்துக்கொண்டேதான் நின்றாள்.

அரை மணி கழித்து பேட்ரிசியா வெளியே வந்தாள். முகம் வெளிறியிருந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

ரோசரி உள்ளே போனாள். வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்து பார்த்தாள். வீராயி என்று யாரோ உள்ளேயிருந்து கூப்பிட, இதோ வரேன் என்று குரல் கொடுத்துவிட்டு இவளிடம் வந்தாள்.

"வாங்கம்மா. லூப்புக்கா?"

இப்போது போனார்களே, அவர்கள் சொல்லித்தான் வந்தேன் என்று ரோசரியின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவ்வளவுதான், ஆயா தாராளமாகப் பேசத் தொடங்கிவிட்டாள். அந்தம்மா லூப் வைத்து ஆறு மாசமாகிறதாம். உதிரம் கூடுதலாகப் போகிறது என்று இன்றைக்குப் பயந்துகொண்டு வந்தார்களாம். எடுத்துவிடலாமா என்று டாக்டரம்மா கேட்டதற்கு, காலில் விழாத குறையாக வேண்டாம் என்றார்களாம்.

"இன்னொண்ணு உண்டானா உசிரு தங்காதுன்னு அவங்களுக்கே தெரியும்மா. போன பிரசவத்துலயே போய்ப் பொழச்சவங்க. வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாதாம், பாவம். உங்களுக்கு எத்தனை புள்ளைங்க?"

"அஞ்சு" என்றாள் ரோசரி.

எப்படி வந்தது அந்த வார்த்தை? அவளுக்கே தெரியவில்லை. ஆயா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அஞ்சு பெத்த உடம்பு மாதிரியே தெரியலையே என்று ஆச்சரியப்பட்டாள். ரோசரிக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடிற்று. பதிமூன்று வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தையை யாரும் அவளிடம் சொன்னதில்லை. டாக்டரை அப்புறம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. மடியில் மெழுகுதிரிப் பை. ஆகா, மாட்டிக்கொண்டாயா! நிறைகுடும்பத்துத் தாய், ஊருக்கே உதாரணம், உள்ளே லூப்! சொன்னால் ஊர் சிரிக்கும். ஆனால் சொல்வது யார்? ரோசரி சொன்னால் பொறாமையில் சொல்கிறாள் என்பார்கள். மலடி வயிற்றெரிச்சல் என்று சபையில் இருக்கும் இருதயமேரி மாதிரி ஆட்கள் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். அந்தப் பெயர் வேண்டாம். தன் வாயால் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அவளே சொல்ல வேண்டும், அல்லது எல்லார் முன்னாலும் வாயடைத்து நிற்க வேண்டும்.

பாலம் தாண்டுவதற்குள் வழி தெரிந்துவிட்டது.

நேரே சாமியார் பங்களாவுக்குப் போனாள். தனிஸ்லாஸ் சாமியார் மேஜையில் உறுதிமொழித் தாள் இருந்தது. கர்ப்பத்தைத் தடுக்கவோ அழிக்கவோ எதையும் இனிமேல் செய்ய மாட்டேன், அதை ஆதரிக்கிறவர்களுக்கு ஓட்டுப் போட மாட்டேன் என்று ரோசரியே எழுதிக் கொடுத்தது. அதில் ஒரு குறை இருப்பதாக இப்போது சொன்னாள். இனிமேல் செய்ய மாட்டேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம் சாமி, இதுவரை செய்ததில்லை என்றும் ஒரு வரி வேண்டாமா, முன்னால் நிற்கிறவள் சுத்தமாக நிற்க வேண்டாமா என்று கேட்டாள்.

சாமியார் கண்டிப்பானவர், சூதுவாது தெரியாதவர். முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல யோசனைம்மா. உன் தலையில உதிக்காம வேற யார் தலையில உதிக்கும்" என்று சொல்லி, தன் தாளிலும் அவள் தாளிலும் அந்த வரியை எழுதச் சொன்னார். இரண்டிலும் ரோசரி கை நடுங்காமல் எழுதினாள். பேட்ரிசியாவுக்குப் புதுத் தாள் தரவேண்டியதில்லை, அவள் வெறுமனே திருப்பிச் சொல்லப்போகிறவள்தானே என்றாள். சாமியார் அதற்கும் சரி என்றார்.

மூன்று மணிக்கு பேட்ரிசியா பின்கட்டு வழியாக வந்தாள். இடுப்பில் அமலி. ரோசரி அப்போது சேலைக்குக் கொசுவம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் மேடைக்கு வரல. நீங்களே பேசுங்க. வக்கீல்கிட்ட எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடலாம்."

கேளுங்கள், ஒரு வாரமாக எதற்காக வயிறு எரிந்தாளோ அது தானாக வாசல் தேடி வந்து நிற்கிறது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேடையும் மைக்கும் அவளுடையது. ஆனால் காலையில் இருந்த ரோசரி இல்லை இப்போது இருப்பது. இப்போது அவளுக்கு மேடை போதவில்லை. பேட்ரிசியா அதிலிருந்து விழுவதைப் பார்க்க வேண்டும்.

"எனக்கென்ன தகுதி இருக்கு? பெத்தவ நீ. நீ நில்லு" என்றாள் கொசுவத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

பேட்ரிசியா அமலியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"உங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்குக்கா. ராத்திரி படுத்தா காலைல எந்திரிக்கிறீங்க. ஒரு புஸ்தகத்தை முழுசாப் படிக்கிறீங்க. உங்க சேலை கசங்கி நான் பார்த்ததில்ல. உங்க உடம்பு உங்ககிட்டயே இருக்கு."

இதைக் கேட்டதும் ரோசரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமையாம்! எதைப் பார்த்து? காலியான தொட்டிலைப் பார்த்தா? குழந்தைக்குப் பசிக்கிறது, கொண்டுபோய்ப் பால் கொடு என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஐந்து மணிக்கு மைதானம் நிறைந்துவிட்டது. எங்கே பார்த்தாலும் முக்காடு போட்ட தலைகள். இருதயமேரி வரிசை வரிசையாகப் போய் மெழுகுதிரி கொடுத்தாள். மேடையில் மாதா சுரூபம், அதன் காலடியில் பாடுபட்ட சுரூபம், பக்கத்தில் நாற்காலிகள். சாமியார், வக்கீல், ரோசரி, பேட்ரிசியா. அற்புதசாமியும் அருள்நாதனும் ஆண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் இருந்தார்கள்.

வக்கீல் ஓட்டைப் பற்றிப் பேசினார். இந்தத் தெருக்களில் இருக்கும் ஓட்டெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் எந்தக் கட்சியும் நம் வாசலில் வந்து நிற்கும் என்றார். கைத்தட்டல் நன்றாகவே விழுந்தது. பிறகு பேட்ரிசியாவைக் கூப்பிட்டார்கள். எழுந்தவள், எப்போதும் செய்கிற மாதிரி, அமலியை ரோசரி தோளில் சாய்த்துவிட்டு மைக்குக்குப் போனாள். கோபமோ தாபமோ, பிள்ளையை வைக்க வேறு தோள் அவளுக்குத் தோன்றவில்லை.

அவள் பேச்சு ரொம்பச் சின்னது. எனக்கு ஐந்து பிள்ளைகள், ஒவ்வொன்றும் கடவுள் கொடுத்தது, எனக்குப் பேசத் தெரியாது, இந்த இயக்கத்தைக் கட்டியது என் அக்கா என்று சொல்லிவிட்டு நிறுத்திவிட்டாள். நான்கு வரிகூட இல்லை. ஆனால் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரோசரி அதையும் பார்த்தாள். எவ்வளவு சுலபமாக வாங்கிவிடுகிறாள் என்று நினைத்தாள்.

உறுதிமொழி நேரம் வந்தது. ரோசரி அமலியைத் தோளில் போட்டபடியே எழுந்து, பேட்ரிசியாவின் திரியை ஏற்றிக் கொடுத்தாள். ஆறாவது தடவை. பேட்ரிசியா இடது கையில் திரியைப் பிடித்துக்கொண்டு, வலது கையைப் பாடுபட்ட சுரூபத்தின் மேல் வைத்தாள்.

ரோசரி வாசிக்கத் தொடங்கினாள். சர்வேசுரன் சாட்சியாக. பேட்ரிசியா சொன்னாள், மைதானம் சொன்னது. தேவமாதா சாட்சியாக. சொன்னார்கள். அடுத்தது அந்த வரி.

சுரூபத்தின் மேல் கைவைத்துப் பொய் சொன்னால் அது சாவான பாவம், நேரே நரகம். பேட்ரிசியா விளையாட்டுக்குக்கூட அதைச் செய்ய மாட்டாள் என்று ரோசரிக்குத் தெரியும். வாயடைத்து நிற்பாள். ஏன் நிற்கிறாள் என்று சாமியார் கேட்பார். அருள்நாதன் எழுந்து நிற்பான். அப்புறம் நடப்பது நடக்கட்டும்.

அமலி தூக்கத்தில் அசைந்து, ரோசரியின் கழுத்துச் சங்கிலியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பிடியில் எங்கிருந்தோ ஒரு ராத்திரி ஞாபகம் வந்தது. இதே அமலி பிறந்த ராத்திரி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேட்ரிசியா வெள்ளையாகக் கிடந்தாள். துணி மாற்றி மாற்றி மாளவில்லை. பிழைப்பது கஷ்டம் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். அப்போது செபமாலையை உருட்டிக்கொண்டிருந்த ரோசரியின் மனசுக்குள் ஒரு நினைப்பு வந்தது. இவள் போய்விட்டால் ஐந்தும் எனக்கு. ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்கு விரல் போகும் நேரந்தான். ஆனால் வந்தது. சாமியாரிடம் செய்கிற எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் அதை அவள் சொன்னதில்லை. காலையில் ஆயாவிடம் அஞ்சு என்று சொல்லவைத்ததும் அதே நினைப்புதான் என்று இப்போது புரிந்தது.

மைக் காத்திருந்தது. பேட்ரிசியா திரும்பிப் பார்த்தாள்.

ரோசரி அந்த வரியைத் தாண்டி அடுத்த வரியை வாசித்தாள். இனிமேல் செய்ய மாட்டேன் என்று. பேட்ரிசியா மெல்லிய குரலில் சொன்னாள். மைதானம் உரக்கச் சொன்னது. ஓட்டு வரியையும் சொன்னார்கள். ஆமென் என்றார்கள். ரோசரி தாளை மடித்தாள். போகட்டும், ஒன்றும் நடக்கவில்லை, யாருக்கும் ஒன்றும் தெரியாது.

தனிஸ்லாஸ் சாமியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கையில் தன் தாளோடு எழுந்து மைக்குக்கு வந்தார்.

"ரோசரி, நடுவுல ஒரு வரி விட்டுட்டியேம்மா. மத்தியானம் நீயே வந்து சேர்க்கச் சொன்ன வரி. அதுதானே முக்கியம்? இதுவரை நான் இதில் எதையும் செய்ததில்லை. அதை மட்டும் வாசி. பேட்ரிசியா, சுரூபத்துல கையை வைம்மா."

ஒலிபெருக்கியில் அது பாலக்கரை முழுக்கக் கேட்டது. வக்கீல் நல்ல வரி என்று தலையாட்டினார். கூட்டம் மறுபடி திரியைத் தூக்கிப் பிடித்தது.

பேட்ரிசியா சுரூபத்தில் கை வைக்கவில்லை. ரோசரியைப் பார்த்தாள். பிறகு ரோசரியின் காலடியில், நாற்காலிக்குக் கீழே கிடந்த பையைப் பார்த்தாள். மெழுகுதிரிக் கட்டுகள் வந்த பை. அதன் வாயில் ஸ்ரீரங்கம் போகிற ஒண்ணாம் நம்பர் பஸ் டிக்கெட் ஒன்று சுருண்டு கிடந்தது.

"காலைல ஸ்ரீரங்கம் வந்தீங்களாக்கா?" என்று கேட்டாள். மைக்கில் விழாத குரல்தான்.

ரோசரி காலால் பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினாள்.

பேட்ரிசியா எரிகிற திரியை மேஜையில் வைத்தாள். கிட்டே வந்து அமலியைத் தூக்கினாள். பிள்ளை சங்கிலியை விடவில்லை. பேட்ரிசியா அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, பிள்ளையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு மைக்கின் பக்கம் திரும்பினாள்.

"வாசிங்கக்கா" என்றாள்.